கிணத்தடியிலை விழுந்த கை

எனக்கு மூக்கு நுனியிலை கோவம். இதை நான் சொல்லித்தான் ஆரும் அறியவேணும் எண்டில்லை. என்னட்டைப் படிச்ச பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ. சங்கக்கடையிலை சீனி நிறுக்கிறவரிலை இருந்து பள்ளிக்கூட அதிபர் வரைக்கும் நான் வாய் காட்டாத ஆக்கள் இல்லை. ஆனால் ஒரேயொரு இனத்துக்கு முன்னாலை மட்டும் என்ரை வாய் தானாய்ப் பூட்டிக்கொள்ளும். அது டொக்டர்மார். "எப்பிடி அம்மா இருக்கிறியள்?" எண்டு அவையள் கேட்டால் போதும், உயிர் போற நோவிலையும் "சுகமாயிருக்கிறன் ஐயா" எண்டு பல்லைக் காட்டுவன்.

இது என்ரை வியாதி மட்டுமில்லை, எங்கடை தீவுப்பக்கத்துச் சனம் எல்லாருக்கும் இருந்த வியாதி. பெரிய மனிசர் ஒருத்தர் எங்களைச் சுகம் கேட்டால், சுகம் எண்டு சொல்லுறதுதான் மரியாதை. அவர் கேட்டதே பெரிய விசயம். அதுக்குப் பிறகும் அவருக்கு முன்னாலை நிண்டு எங்கடை கோதாரியளை அவிட்டுக் கொட்டுறதோ எண்டு நினைப்பம்.

அந்த மரியாதை என்ரை வலக்கையைத் தின்னப் பாத்தது. தின்னவிடாமல் தடுத்த ஆக்களுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு கனகாலமாய் மனதிலை கிடந்தது. அந்த வலக்கையாலைதான் இதை எழுதுறன்.

எண்பத்திமூண்டாம் ஆண்டு, ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த மாரி. கொழும்பிலை இருந்து அடிபட்டு வந்த சனம் ஊரிலை வீட்டுக்கு வீடு நிறைஞ்சிருந்த நேரம். எனக்கு வேலணைப் பக்கத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிப்பு. வீடு புங்குடுதீவிலை, குறிகட்டுவானுக்குப் போற வழியிலை. பள்ளிக்கூடம் விட்டு மினிபஸ்ஸிலைதான் வீட்டுக்கு வாறது. அண்டைக்கு நல்ல மழை. ரண்டு தீவுக்கும் நடுவிலை கடலுக்கு மேலாலை போற றோட்டிலை வரேக்கை எதிராலை ஒரு லொறி வந்தது. எங்கடை சாரதிப் பொடியன் அதுக்கு விலத்தி இடம் குடுத்தான். மழையிலை ஊறிக் கிடந்த றோட்டு விளிம்பு சறுக்கி, மினிபஸ் ஆறுதலாய்ச் சரிஞ்சு கடலுக்கை படுத்திட்டுது. ஆறுதலாய்த்தான். நாங்கள் "ஐயோ அம்மாளாச்சி" எண்டு கத்தி முடிக்கவும் அது படுத்து முடிக்கவும் சரியாயிருந்தது.

அந்த இடத்திலை கடல் தொடையளவு தண்ணி. ஒருத்தருக்கும் உயிருக்கு மோசமில்லை. ஒரு கிழவருக்கு நெத்தியிலை சின்னக் காயம். ஒருத்தி சந்தையிலை வாங்கி வந்த மீன் முழுக்கத் திரும்பக் கடலுக்கே போட்டுது. யன்னலோரம் இருந்த என்ரை வலது முழங்கை மட்டும் சீற்றுக் கம்பிக்குள்ளை ஆப்பிட்டுக்கொண்டுது. இழுத்து வெளியிலை எடுத்துப் பாத்தால் அது என்ரை கையெண்டே சொல்லேலாமல் இருந்தது.

நான் அந்தப் பொடியனைப் பேசின பேச்சு இருக்கே! "கண்ணை எங்கையடா வைச்சிருந்தனி, விசரா? தகப்பன் இல்லாப் பிள்ளை எண்டு பாத்து முதலாளி வேலை தந்தால் சனத்தைக் கொண்டுபோய்க் கடலிலையோ கொட்டுறாய்?" அவன் தண்ணிக்குள்ளை தலையிலை கையை வைச்சபடி நிண்டான். அப்பதான் மீசை அரும்பின வயசு. தாய்க்கு அவன் ஒருத்தன்தான்.

அந்தக் காலத்திலை பொலிஸ் எண்டால் என்ன எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குச் சொல்லித்தான் ஆகவேணும். விபத்தெண்டு போனால் அது விபத்தோடை முடியாது. இளந்தாரிப் பொடியன், தமிழ்ப் பொடியன், பேரைப் பதிஞ்சுபோட்டு உள்ளுக்கு வைச்சால், அங்கையிருந்து ஆமிக்காரன்ரை கையிலை குடுத்தால், ஆரைப் போய்க் கேக்கிறது? அதாலை அந்த மழைக்குள்ளை, நடுக்கடல் றோட்டிலை நிண்டபடி சனம் கூடி ஒரு முடிவெடுத்தது. பொலிசுக்குச் சொல்லுறேல்லை. லொறிக்காரன் கயிறு கட்டி மினிபஸ்ஸை இழுத்து நிமித்தித் தருவான். ரீச்சர் வீட்டுக் கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவ.

என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். பொடியனைப் பேசுறது வேறை, பொலிசிலை குடுக்கிறது வேறை.

லொறியிலையே என்னை ஏத்திக்கொண்டு தீவு ஆசுபத்திரிக்குப் போச்சினம். என்னோடை மினிபஸ்ஸிலை வந்த மூண்டு பொம்பிளையள் கூட வந்தவை. "என்ன நடந்தது?" எண்டு அங்கை இருந்த இளம் டொக்டர் கேட்டார். மூண்டு பேரும் பள்ளிக்கூடத்திலை வாய்ப்பாடு சொல்லுற மாதிரி ஒரே குரலிலை, "கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டா!" எண்டிச்சினம். டொக்டர் எங்களை மேலும் கீழும் பாத்தார். நாலு பேரின்ரை சீலையிலையும் உப்புத்தண்ணி வடியுது. என்ரை தோளிலை ஒரு கொத்துச் சாதாளை, கடல் பாசி, ஒட்டிக் கிடக்குது.

"உங்கடை கிணத்திலை சாதாளையும் வளருதோ?" எண்டார்.

நான் சாதாளையைத் தட்டிவிட்டன். அவர், "நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதலாம்," எண்டு சொல்லிக் குனிஞ்சு எழுதினார். எங்களுக்கு அப்பாடா எண்டிருந்தது. அந்த ஒரு வரி எழுத்துப் பிறகு வந்து என்ரை கழுத்திலை கை வைக்கும் எண்டு ஆர் கண்டது?

அங்கையிருந்து யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்கு அனுப்பி, எலும்பைப் பொருத்தி மாக்கட்டுப் போட்டுவிட்டினம். கட்டு வெட்டினாப் பிறகு பாத்தால் முழங்கை மடங்கேல்லை. சும்மா ஒரு பாதி மடங்கி அங்கையே நிண்டிட்டுது. கிளினிக் எண்டு விடியக் காலமை வெளிக்கிட்டு, பஸ் மாறி, வரிசையிலை காத்து நிண்டு, டொக்டருக்கு முன்னாலை போய் இருந்தால், "எப்பிடி?" எண்டு கேப்பார். "சுகம் ஐயா." அவர் கொப்பியிலை அதை எழுதுவார். நான் எழும்பி வந்திடுவன். கை மடங்கேல்லை எண்டு சொன்னால் அவர் போட்ட மாக்கட்டைக் குறை சொல்லுற மாதிரி இருக்குமெல்லோ? அதோடை எனக்குப் பின்னாலை ஐம்பது பேர் நிக்குது. அடுத்த முறையும் இதே கதைதான்.

அந்தக் கையாலை கரும்பலகையிலை எழுத ஏலும். நீட்டி எழுதுற வேலைதானே, ஒரு குறையும் இல்லை. ஆனால் சோத்தை வாய்க்குக் கொண்டுபோக ஏலாது. சீப்பாலை தலை இழுக்க ஏலாது. சட்டைக்குப் பின்பக்கத்துக் கொளுக்கி போட ஏலாது. என்ரை மனிசன்தான் தலை பின்னிவிடுவார், கயிறு திரிக்கிற மாதிரி. அதுகூடப் பறவாயில்லை. இடக்கையாலை சாப்பிடுறதுதான் எனக்குப் பெரிய அவமானமாய் இருந்தது. வீட்டிலை கதவைச் சாத்திப்போட்டுச் சாப்பிடுவன். பள்ளிக்கூடத்திலை பசிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு தேத்தண்ணியோடை இருப்பன். கலியாண வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, ஒண்டுக்கும் போறேல்லை. போனாலும் இலை போடமுந்தி ஓடி வந்திடுவன்.

பிறகு ஒருநாள் வெளியிலை இருந்து வந்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் கையைப் பாத்துப்போட்டு, கொழும்பிலை ஒரு ஒப்பரேசன் செய்தால் வாய் எட்டுற அளவுக்கு மடங்கவைக்கலாம், ஆனால் பிந்தவிடாதேங்கோ, இறுகிப்போனால் பிறகு ஒருத்தராலும் ஏலாது எண்டு வாயாலை சொல்லிப்போட்டுப் போனார். அதுக்கு எங்களட்டைக் காசு இல்லை. மினிபஸ் முதலாளி நல்ல மனிசன். "ரீச்சர், வாகனத்துக்குக் காப்புறுதி இருக்கு, கட்டாயம் கேளுங்கோ, நானும் ஒத்தாசையாய் நிப்பன்," எண்டு சொல்லி, தனக்கு வழக்குப் பேசுற பிரக்கிராசியாரிட்டையே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டு எழுதினம். காப்புறுதிக் கந்தோரிலை இருந்து மறுமொழி வந்தது. அதைக் கையிலை வைச்சுக்கொண்டு பிரக்கிராசியார் கண்ணாடிக்கு மேலாலை என்னைப் பாத்தார்.

"ரீச்சர், உம்மடை வழக்கை நீரே எதிர்த்து வாதாடி வெண்டிட்டீர்."

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. "ஏன், நான் என்ன செய்தனான்?"

"நான் சொல்லேல்லை, ஆசுபத்திரி எழுத்துச் சொல்லுது. முதல் எழுத்து, நீர் வீட்டுக் கிணத்தடியிலை விழுந்தனீர் எண்டு சொல்லுது. அப்ப மினிபஸ்ஸுக்கும் உம்மடை கைக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தது கிளினிக் கொப்பி. போன நேரமெல்லாம் சுகம், சுகம், சுகம். சுகமான கைக்கு என்னத்துக்கு ஒப்பரேசன்? அதுக்கு மேலை, அவையின்ரை ஆள் ஒருத்தன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நீர் கரும்பலகை நிறைய எழுதிக்கொண்டு நிண்டதையும் பாத்துக்கொண்டு போயிருக்கிறான்."

"இவ்வளவு சனம் கண்டது. கடலுக்கை விழுந்தது பொய்யோ?"

"பொய்யெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் புண் பச்சையாய் இருக்கேக்கை எழுதின எழுத்தைத்தான் எல்லாரும் நம்புவினம். காசு கேக்கேக்கை சொல்லுற கதையை ஆர் நம்புறது? நானெண்டாலும் நம்பமாட்டன்."

பேந்து என்ரை கோவம் ஆறவிட்டு அவர் வடிவாய் விளங்கப்படுத்தினார். ரண்டு காரியம் வேணும். ஒண்டு, ஒரு டொக்டர் கையை உள்ளபடி பாத்து, என்ன ஏலும், என்ன ஏலாது எண்டு எழுதவேணும். மற்றது, விபத்து நடந்தது எண்டு பொலிசிலை பதிவு வேணும். அதைச் சாரதிதான் போய்ச் சொல்லவேணும். பிந்தினாலும் பறவாயில்லை, அவன் வாயாலை வந்தால்தான் பெறுமதி.

முதல் காரியம் சுகமெண்டு நினைச்சனான். அடுத்த கிளினிக்குக்குப் போற வழி முழுக்க, சொல்லவேண்டியதைப் பஸ்ஸுக்குள்ளை இருந்து பாடமாக்கினன். உள்ளுக்குப் போனன். அண்டைக்கு ஒரு பொம்பிளை டொக்டர். "எப்பிடி?" எண்டா. என்ரை நாசமாய்ப்போன வாய், "சுகம் அம்மா," எண்டிட்டுது!

நல்லகாலத்துக்கு அவ எழுதுறதுக்கு அவசரப்படேல்லை. மேசையிலை இருந்த தண்ணிக் கிளாசைக் காட்டி, "அதை எடுத்துக் குடியுங்கோ," எண்டா. நான் இடக்கையாலை எடுத்தன். "வலக்கையாலை," எண்டா. வலக்கையாலை எடுத்து, கழுத்தை நீட்டி, உடம்பை வளைச்சு, என்ன கூத்தெல்லாம் ஆடியும் கிளாசு வாய்க்கு வரேல்லை. தண்ணி மடியிலை ஊத்துப்பட்டதுதான் மிச்சம்.

அவ பேனையைக் கீழை வைச்சா. "ரீச்சர், உங்கடை வகுப்பிலை ஒரு பிள்ளை கணக்கு விளங்காமலே விளங்கினது எண்டு சொன்னால் நீங்கள் என்ன செய்வியள்?"

"தோலை உரிப்பன்," எண்டன்.

"அப்ப உங்களை நான் என்ன செய்யிறது? நீங்கள் சுகம் எண்டால் நான் சுகம் எண்டுதானே எழுதவேணும். என்ன ஏலாது எண்டு சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

எனக்கு எங்கையிருந்து வந்ததோ தெரியாது. சோறு, சீப்பு, கொளுக்கி, கிணத்திலை தண்ணி அள்ளுறது, முகம் கழுவுறது, அம்மனுக்கு முன்னாலை நிண்டு நெத்தியிலை திருநீறு பூச ஏலாதது, எல்லாத்தையும் ஒரு மூச்சிலை கொட்டிப்போட்டு அழுதன். வரிசையிலை நிண்ட சனம் எட்டி எட்டிப் பாத்தது. அவ ஒரு அளவுகோலை முழங்கையிலை வைச்சு, எவ்வளவு மடங்குது, எவ்வளவு நீளுது எண்டு அளந்து, ஒரு பக்கம் நிறைய எழுதினா. அந்தத் தாயை நான் அதுக்குப் பிறகு காணேல்லை. எங்கை இருந்தாலும் அவவும் அவவின்ரை பிள்ளையளும் நல்லாயிருக்கவேணும்.

ரண்டாவது காரியம்தான் மலையாய் நிண்டது. சாரதிப் பொடியனை நான் போய்க் கேக்கேல்லை. கேக்கமாட்டன் எண்டு பிடிவாதமும் இருந்தது, அவனாய் வந்து சொல்லுறானில்லை எண்ட எரிச்சலும் இருந்தது. அவன் எங்கடை படலையடிக்கு வந்து நிண்டுபோட்டு உள்ளுக்கு வராமலே திரும்பிப் போனதை என்ரை மனிசன் கண்டவர். பிரக்கிராசியார் சொன்ன கதை எப்பிடியோ ஊருக்குள்ளை பரவி, ஒரு பின்னேரம் அவன்ரை தாய் வந்தா. நெட்டையான, மெலிஞ்ச மனிசி. புருசன் செத்த நாளிலை இருந்து தென்னோலைக் கிடுகு பின்னி, பனங்கிழங்கு அவிச்சு வித்து அந்த ஒரு பிள்ளையை வளத்தவ. கதிரையிலை இருக்கச் சொன்னன். இருக்கேல்லை.

"ரீச்சர், எனக்கு அவன் ஒருத்தன். போன கிழமையும் பக்கத்து ஊரிலை ரண்டு பொடியளைக் கொண்டு போயிட்டாங்கள், இன்னும் வரேல்லை. இவனைப் பொலிசுக்கு அனுப்பச் சொல்லாதேங்கோ. உங்கடை காலிலை விழுறன்."

"விழாதேங்கோ அக்கா," எண்டன். "நான் அவன்ரை பேரை எடுக்கமாட்டன். போங்கோ."

சொன்னது மனதாரத்தான். ஆனால் அவ படலை தாண்டினதும் எனக்கு வந்த கோவம்! அவவிலை கோவம், பொடியனிலை கோவம், மழையிலை கோவம், லொறியிலை கோவம், கிணத்தடி எண்டு கண்டுபிடிச்சுச் சொன்ன வாயளிலை கோவம். அண்டு ராத்திரி மனிசன் பின்னிவிட்ட தலையை அவிட்டுப்போட்டுப் படுத்தன்.

ஆனி மாதம் நயினாதீவு அம்மனுக்குத் திருவிழா. குறிகட்டுவானிலை மோட்டர் வள்ளம் ஏறி நானும் போனனான். கும்பிட்டுப்போட்டு நைசாய்த் திரும்புவம் எண்டுதான் நினைச்சது. சனநெருக்கம் என்னை அள்ளிக்கொண்டு போய் அன்னதான மடத்துக்குள்ளை பந்தியிலை இருத்திப்போட்டுது. முன்னுக்கு இலை விழுந்திட்டுது. சோறும் விழுந்திட்டுது. இனி எழும்பினால் அம்மனுக்கு மரியாதையில்லை.

வீட்டிலை இடக்கையாலை சாப்பிடுவன்தான். ஆனால் அம்மன்ரை சோத்திலை இடக்கையை வைக்க மனம் வரேல்லை. வலக்கையாலை குழைச்சு, முகத்தை இலைக்குக் கிட்டக் குனிச்சுப் பாத்தன். எட்டேல்லை. இன்னும் குனிஞ்சன். சோறு மடியிலை கொட்டுப்பட்டுது. பக்கத்திலை இருந்த சனம் பாத்துப் பாராத மாதிரித் திரும்பிச்சுது. அந்த நேரம் கறிவாளியோடை பந்திக்கு நடுவாலை வந்துகொண்டிருந்தது ஆர் எண்டு நினைக்கிறியள்? அந்தத் தாய்தான். ஒவ்வொரு வருசமும் அங்கை பரிமாற வாறவவாம்.

அவ அப்பிடியே நிண்டு பாத்தா. என்ரை கையை அவ அதுவரைக்கும் சீலைத் தலைப்புக்குள்ளைதான் கண்டிருக்கிறா. வாளியைக் கீழை வைச்சுப்போட்டு எனக்கு முன்னாலை நிலத்திலை குந்தினா. என்ரை இலையிலை கையை விட்டுச் சோத்தைக் குழைச்சா.

"ஆவெண்டுங்கோ."

"விடுங்கோ அக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். வாயைத் திற பிள்ளை."

ரீச்சர் போய்ப் பிள்ளையாயிட்டன். திறந்தன். கறிக்குக் கூப்பிட்டுக் கத்தின சனத்துக்கு அவ காது குடுக்கேல்லை. இலை முடியுமட்டும் தீத்திவிட்டா. முடிஞ்சதும் தன்ரை சீலைத் தலைப்பாலை என்ரை வாயைத் துடைச்சுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா.

அடுத்த கிழமை, சனிக்கிழமை காலமை, நான் முத்தத்துக் குப்பை கூட்டிக்கொண்டு நிக்கிறன். தாயும் மகனும் படலையைத் திறந்துகொண்டு வருகினம். அவன் குளிச்சு, தலை இழுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான்.

"வெளிக்கிடுங்கோ ரீச்சர், பொலிசுக்குப் போவம்," எண்டா தாய்.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? நான் பேரை எடுக்கமாட்டன் எண்டு சொன்னனான். சொன்னால் சொன்னதுதான்."

"நீங்கள் சொன்னது சரி. நான் கேட்டதுதான் பிழை," எண்டா. "உங்கடை கையை நான் கண்டிட்டன். காணாமல் விட்டிருந்தால் வேறை கதை."

பொடியன் நிலத்தைப் பாத்தபடி, "நான் எப்பவோ வந்திருப்பன் ரீச்சர், அம்மாதான் அழுதவ," எண்டான். எனக்கு அவனை ஏச ஒரு வசனம் வாயிலை வந்தது. விழுங்கிப்போட்டுச் சீலை மாத்தப் போனன்.

பொலிஸ் நிலையத்து மர வாங்கிலை கனநேரம் இருந்தம். கடைசியிலை தமிழ் தெரிஞ்ச ஒரு சாஜன் கூப்பிட்டார். பொடியன் நிமிந்து நிண்டு, எல்லாத்தையும் சொன்னான். மழை, லொறி, விளிம்பு, சறுக்கினது. "நான்தான் மினிபஸ் ஓடினனான். இவவின்ரை கை முறிஞ்சது என்ரை வாகனத்திலைதான்."

"அப்ப ஏன் ஆசுபத்திரியிலை கிணத்தடி எண்டு சொன்னது?"

தாய்தான் சொன்னா. "உங்களுக்குப் பயத்திலை ஐயா."

சாஜன் அவவைப் பாத்தார், பிறகு பொடியனைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்து, "கையை மடக்கும்," எண்டார். மடக்கிக் காட்டினன், மடங்கின அளவுக்கு. அவர் எழுதத் தொடங்கினார். முடிச்சு வாசிச்சுக் காட்டி, பொடியனிட்டைக் கையெழுத்து வாங்கி, "கோட்டிலை இருந்து கூப்பிட்டால் வரவேணும். இப்ப போகலாம்," எண்டார். எல்லாரும் கெட்டவையில்லை. அந்த மனிசனுக்கும் என்ரை நன்றி.

அதுக்குப் பிறகு காரியம் கெதியாய் நடந்தது. ஆசுபத்திரிக்கு வந்த மூண்டு பொம்பிளையளும் பிரக்கிராசியாரிட்டைப் போய், "கடலுக்கைதான் விழுந்தவ!" எண்டு திரும்பவும் ஒரே குரலிலை சொல்லிச் சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வைச்சினம். பொம்பிளை டொக்டர் அளந்து எழுதின பக்கத்தைக் கண்டாப் பிறகு காப்புறுதிக்காரர் கோட்டுக்குப் போகாமலே இணங்கி வந்தினம். விபத்தை அறிவிக்காததுக்குப் பொடியனுக்குக் கோட்டிலை தண்டம் அடிச்சாங்கள், முதலாளி கட்டினார். ஒருத்தரும் அவனைத் தேடி வரேல்லை. நான் கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்து, அழுது அழுது அப்பியாசம் செய்து, இப்ப தலையைக் கொஞ்சம் குனிச்சால் வாய் எட்டும். அது காணும். பந்தியிலை முதல் ஆளாய்ப் போய் இருக்கிறது நான்தான்.

இன்னொண்டு. டொக்டரிட்டை இப்ப நான் வாய் மூடுறேல்லை. அயலிலை ஆரும் ஆசுபத்திரிக்குப் போறதெண்டால் நானும் கூடப் போவன். அதுகள் "சுகம் ஐயா" எண்டு தொடங்கினால் விலாவிலை ஒரு இடி இடிச்சு, "என்ன நடந்தது, எப்பிடி நடந்தது, என்ன ஏலாது, எல்லாத்தையும் உள்ளபடி சொல்லு!" எண்டுவன். சில டொக்டர்மாருக்கு என்னைக் கண்டால் பிடியாது. பிடியாட்டிப் போகட்டும்.

ஆனால் நான் இதை எழுத வெளிக்கிட்டது கைக்கதைக்கு மட்டுமில்லை. அண்டைக்குப் பொலிசாலை வெளியிலை வந்தாப் பிறகு, பஸ் வர நேரமிருந்தது. தேத்தண்ணிக் கடையிலை மூண்டு பேரும் இருந்தம். நான் பகிடி விடத் தொடங்கினன். அந்தத் தாய் காலமை தொடக்கம் பன்னாலை இழைச்ச ஒரு பையைக் கக்கத்துக்கை இறுக்கி வைச்சிருந்தவ. பஸ்ஸிலையும் கீழை வைக்கேல்லை, வாங்கிலையும் வைக்கேல்லை. நான் சாப்பாடு எண்டு நினைச்சிருந்தனான்.

"என்னக்கா, புட்டோ கட்டிக்கொண்டு வந்தனீங்கள்? எடுங்கோ, பசிக்குது," எண்டன்.

அவ முகத்தைத் துடைக்கத் துவாய் எடுக்கிறதுக்காகப் பையைத் திறந்தா. உள்ளுக்கு மடிச்ச சாரம் ரண்டு, சேட்டு ஒண்டு, உள்ளுடுப்பு, ஒரு கட்டிச் சவுக்காரம், பல்லுப்பொடி, கடதாசியிலை சுத்தின அம்மன்ரை திருநீறு. எல்லாம் பொடியன்ரை சாமான்.

அவனுக்கும் தெரிஞ்சிருக்கேல்லை. "இதேனணை அம்மா?" எண்டு கேட்டான்.

"உன்னை அவங்கள் வைச்சிருந்தால் மாத்திக்கட்ட வேணுமெல்லோ," எண்டா. சொல்லிப்போட்டுத் துவாயாலை முகத்தைத் துடைச்சு, அதைத் திரும்ப மடிச்சுச் சாரத்துக்கு மேலை வைச்சுப் பையை மூடினா. "தேத்தண்ணி ஆறுது, குடி மோனை."